மூன்றும் பதினைந்தும்

பதிவுப் புத்தகத்தில் பதினைந்து என்றுதான் எழுதியிருந்தது. வாகீசன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தான். அப்போதும் பதினைந்துதான். அதுவும் அவனுடைய சொந்தக் கையெழுத்தில், ஆறுதலாக, வடிவாக, புள்ளி வைத்து அதற்குப் பின்னால் இரண்டு பூச்சியமும் போட்டு.

பக்கத்தில் கிடந்த டாக்குத்தரின் மருந்துத் துண்டில் நூற்றுக்கு மூன்று என்று இருந்தது. நூறு கிராம் களிம்புக்கு மூன்று கிராம் சாலிசிலிக் அமிலம். இதற்குப் பெரிய கணக்கு அறிவு ஒன்றும் தேவையில்லை. துண்டை ஒழுங்காகப் பார்த்தால் போதும்.

அவன் பார்த்தது துண்டை அல்ல, முதல் நாள் தாளை. கால் ஆணிக்காரர் ஒருவருக்காக முதலாளி சோமசேகரம் தன் கையாலேயே நேற்று மதியம் ஒரு களிம்பு கலந்திருந்தார். அது நூற்றுக்குப் பதினைந்து. அந்தத் தாள் கிளிப்பில் மேலாகவே இருந்தது. காலையில் அவசரத்தில் வாகீசன் அதைப் பார்த்து நிறுத்து, அதைப் பார்த்துக் கலந்து, போத்தலில் அடைத்து, 'மூன்று வீதம்' என்று லேபலும் ஒட்டி, நீர்வேலிச் சிவசுப்பிரமணியம் ஐயாவின் கையில் கொடுத்து, 'காலமையும் பின்னேரமும் பூசுங்கோ ஐயா' என்று சிரித்தும் அனுப்பிவிட்டான்.

பதினைந்து வீதம் கால் ஆணியைக் கரைக்கிற மருந்து. சிவசுப்பிரமணியம் அதைப் பூசப்போவது நெற்றியில்.

"என்ன தம்பி, முகம் வெளிறிப்போச்சு?" என்றாள் மகாதேவி. பாமசியைக் கூட்டித் துடைக்கிறவள். கையில் ஈரத் தும்புக்கட்டையோடு உள்ளறை வாசலில் நின்றாள்.

"ஒண்டுமில்லை அக்கா. பசி."

"இப்பத்தானே ரெண்டு றோல்ஸ் சாப்பிட்டனீங்கள்?"

அவன் கொக்குவிலில் உள்ள இந்தப் பாமசியில் சேர்ந்து மூன்று மாதம். மருந்து கலக்கும் படிப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தான். அதை அம்மா சட்டம் போட்டு வீட்டு மண்டபத்தில் தொங்கவிட்டிருந்தாள். தனியாக நின்று கலக்க முதலாளி அனுமதித்த முதல் களிம்பு இதுதான். "எழுதாதது செய்யாதது" என்று சோமசேகரம் நாளுக்கு நாலு தரம் சொல்வார். இன்றைக்கு ஒரு நாள் எழுதாமல் விட்டிருக்கலாமே என்று வாகீசனுக்குத் தோன்றியது.

முதலாளி யாழ்ப்பாணம் டவுனில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு வருவார். இப்போது பத்தரை. அதற்குள் போத்தலைத் திருப்பி எடுத்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. துண்டில் இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தான்.

"ஹலோ, ஆர்?" என்றது ஒரு பெண் குரல். சிவசுப்பிரமணியத்தின் மனைவி பராசக்தி.

"அம்மா, நான் கொக்குவில் பாமசியிலையிருந்து கதைக்கிறன். ஐயா வந்திட்டாரோ?"

"இன்னும் இல்லை. சந்தையடியிலை நிண்டு அலட்டிக்கொண்டு நிப்பார். ஏன் தம்பி?"

பிழை விட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் வாகீசன் வாயைத் திறந்தான். வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "அந்த மருந்தைப் பூச வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அதைவிட நல்லது ஒண்டு வந்திருக்கு. நான் கொண்டுவந்து மாத்தித் தாறன்."

"அப்ப இது கூடாதோ?"

"இல்லையில்லை, இதுவும் நல்லதுதான். அது இன்னும் நல்லது."

மறுமுனையில் பராசக்தி கணக்குப் போட்டாள்.

"அப்ப ரெண்டும் நிக்கட்டும் தம்பி. ஒண்டை இஞ்சை பூசலாம். மற்றதை அவர் கனடாவுக்குக் கொண்டுபோகலாம். சனிக்கிழமை பிளைற். மகளிட்டைப் போறார். அங்கை உந்த மருந்துகள் துண்டில்லாமல் எடுக்கேலாதாம்." போன் வைக்கப்பட்டது.

வாகீசன் உள்ளறைக்குள் ஓடினான். இந்த முறை ஒன்றையும் அவசரப்படுத்தக் கூடாது. தலைத்தொப்பி போட்டான். கை கழுவினான், முழங்கை வரைக்கும். கையுறை போட்டான். கண்ணாடித் தட்டைத் துடைத்தான். துண்டை மட்டும் கண்ணுக்கு நேரே சுவரில் ஒட்டிவைத்தான். தராசில் கடதாசியை வைத்துப் பூச்சியமாக்கி, தூளைக் கரண்டியால் தட்டித் தட்டிப் போட்டான். மூன்று. புள்ளிக்குப் பிறகும் இரண்டு பூச்சியம். எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தான். மூன்று. மூன்றாம் தரமும் மூன்று.

கடதாசியின் நடுவில் சின்னஞ்சிறு குவியலாக அந்தத் தூள் கிடந்தது. காலையில் கொட்டியது இதைப்போல் எத்தனை மடங்கு!

முதலில் தூளைக் கொஞ்சம் திரவப் பரபினில் குழைத்தான். அதன் அளவுக்கு வசிலின் சேர்த்து ஸ்பட்டுலாவால் தேய்த்தான். பிறகு அந்த மொத்தத்தின் அளவுக்கு இன்னும் வசிலின். பிறகு அதன் அளவுக்கு, காலையில் போலவே நிறுத்து அடைத்து வந்த வசிலின் டப்பா முடியும்வரை. படிப்பில் சொல்லித்தந்தபடி, இரட்டிப்பு இரட்டிப்பாக, ஒரு தூள்மணிகூடக் கையில் நெருடாமல். வெண்ணெய் தோற்றுப்போகும்.

"அக்கா, ஒருக்காக் கடையைப் பாருங்கோ. ஆரும் வந்தால் பின்னேரம் வரச்சொல்லுங்கோ. நான் நீர்வேலிக்குப் போட்டு வாறன்."

"நீர்வேலிக்கோ? என்னத்துக்கு?"

"வாழைப்பழம் வாங்க."

மகாதேவி வாசலுக்கு நேரே இருந்த பழக்கடையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

மோட்டச்சைக்கிள் கோப்பாய்ச் சந்தியைத் தாண்டும்வரை வாகீசன் ஒரு நல்ல பொய்யை யோசித்துக்கொண்டே போனான். நீர்வேலிக்குள் இறங்கி, வாழைத் தோட்டங்களின் நடுவே வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் பொய் தயாராகிவிட்டது.

"அம்மா, போத்தலிலை ஒரு பிழை," என்றான் வாசல் படலையடியிலேயே. "பிளாஸ்டிக் சரியில்லை. மருந்துக்குள்ளை இறங்கிப்போடும். அந்தப் போத்தலைத் தாங்கோ, நான் புதுப் போத்தல் தாறன்."

"ஐயோ, அப்பிடியே? இருங்கோ தம்பி," என்று பராசக்தி உள்ளே போனாள். நல்ல மனிசி, கேள்வி கேட்காமல் போகிறாளே என்று அவனுக்கு மனம் இளகியது.

பத்து நிமிடம் கழித்து வந்தாள். காலையில் அவன் கொடுத்த அதே போத்தல் அவள் கையில் இருந்தது. உள்ளும் புறமும் கழுவி, துடைத்து, சவர்க்கார வாசத்தோடு பளபளத்தது.

"இந்தாங்கோ. மருந்து வீணாப்போகக் கூடாதெண்டு ஜாம் போத்தலுக்கை மாத்திப்போட்டன்."

வாகீசன் வெறும் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அம்மா... மருந்தும் சரியில்லை. அதுக்குத் திகதி முடிஞ்சுபோச்சு."

பராசக்தி முந்தானையில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டாள். கழுவும்போது கழன்ற லேபலை உள்ளங்கையில் ஒட்டி வைத்திருந்தாள். அதை வாசித்தாள். "இண்டைக்குக் காலமை ஒன்பது மணிக்குச் செய்ததெண்டு நீங்கள்தான் எழுதியிருக்கிறியள். இப்ப பன்னிரண்டு ஆகேல்லை. அதுக்குள்ளை முடிஞ்சுபோச்சோ? எங்கடை பசுப்பாலே காய்ச்சி வைச்சால் பின்னேரம் வரைக்கும் நிக்கும்."

"இது வேறை மாதிரி அம்மா..."

"எனக்கு விளங்குது தம்பி." குரல் மாறிவிட்டது. "நல்ல மருந்தை எங்களுக்குத் தவறித் தந்திட்டியள். இப்ப ஆரோ பெரிய இடத்து ஆள் கேட்டிருக்கினம். அதுதான் வெய்யிலுக்கை ஓடி வந்திருக்கிறியள். இல்லாட்டி எந்தப் பாமசிக்காரன் வீடு தேடி வாறவன்?"

சொல்லிக்கொண்டே உள்ளே போய், ஜாம் போத்தலைச் சாமியறையில் கொண்டுபோய் வைத்து, கதவையும் சாத்திவிட்டு வந்தாள்.

"அதிலை கொஞ்சம் பக்கத்து வீட்டு மார்க்கண்டண்ணைக்கும் குடுத்திட்டன். அவருக்குக் குதிக்கால் வெடிப்பு."

"ஐயா எங்கை அம்மா?" என்று கேட்டான் வாகீசன்.

"பூசிக்கொண்டு தோட்டத்துக்குப் போட்டார்."

வாழைகளுக்கு நடுவே, தண்ணீர் பாய்ந்த வரம்பில் இரண்டு தரம் வழுக்கி, ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு வாகீசன் ஓடினான். சிவசுப்பிரமணியம் ஒரு குலைக்கு முண்டு கொடுத்துக்கொண்டு நின்றார். நெற்றியில் இரண்டு விரல் தடிப்பில் களிம்பு. தூரத்திலிருந்து பார்க்கத் திருநீறு பூசியதுபோல இருந்தது. கிட்டப் போனால் மினுங்கியது.

"ஐயா! எரியுதோ?"

"ஆர், பாமசித் தம்பியே? எரியிறதோ? சொர்க்கம் மாதிரிக் குளிருது."

முதலில் குளிரும், பிறகுதான் தோலைத் தின்னும் என்று வாகீசன் மனதுக்குள் முடிவு கட்டினான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பம்படிக்குப் போனான். இயந்திரம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அறுபத்தாறு வயது மனிதரின் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமத்தினான்.

"விடடா! உமக்கென்ன விசரோ? பராசக்தீ! இவன் என்னைக் கொல்லப் போறான்!"

பராசக்தி ஓடி வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மார்க்கண்டும் வந்தார், கையில் ஒரு சிரட்டையோடு. மூன்று பேரும் அவனைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட வாகீசன் வரம்பில் குந்தினான். பொய் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"ஐயா, நான் பிழை விட்டிட்டன்," என்றான். "அந்த மருந்து மூண்டு கிராம் போடவேண்டியது. நான் பதினைஞ்சு போட்டிட்டன். அஞ்சு மடங்கு."

அடி விழும் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்தான்.

"அஞ்சு மடங்கோ?" என்றார் சிவசுப்பிரமணியம் மெதுவாக. "அதே காசுக்கோ?"

"ஐயா..."

"பராசக்தி, அதைக் குடுத்துப்போடாதை!"

"நான் அப்பவே சாமியறைக்குள்ளை வைச்சுப்போட்டன்."

"எனக்கு இன்னும் கொஞ்சம் வேணும்," என்று மார்க்கண்டு சிரட்டையை நீட்டினார். "மற்றக் காலும் இருக்கெல்லோ."

வாகீசனுக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "ஐயா, உரம் கூடப் போட்டால் வாழை என்னவாகும்?"

"கருகும்."

"உங்கடை நெற்றியும் அப்பிடித்தான். நாளைக்குச் சிவக்கும். அடுத்த நாள் தோல் உரியும். சனிக்கிழமை விமான நிலையத்திலை பாஸ்போட்டைப் பாப்பாங்கள், உங்கடை முகத்தைப் பாப்பாங்கள். படத்திலை இருக்கிற ஆள் நீங்கள் இல்லையெண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

சிவசுப்பிரமணியத்தின் கை தானாக நெற்றிக்குப் போனது.

"ஏற்கனவே படத்திலை மீசை இருக்கு, இப்ப இல்லையெண்டு பயந்துகொண்டிருக்கிறன்," என்றார் சின்னக் குரலில். "ரெண்டு வருசம் காத்திருந்து கிடைச்ச விசா. பேரப்பிள்ளையை நான் போனிலைதான் பாத்திருக்கிறன்."

அதற்குப் பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. பராசக்தி சாமியறைக்கு ஓடினாள். சிவசுப்பிரமணியம் தானாகவே பம்புக்குக் கீழே போய்ச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் முகம் கழுவினார். கால் ஆணிக்குப் போடுகிற மருந்து உங்கள் காலுக்கு ஒன்றும் செய்யாது என்று எவ்வளவு சொல்லியும் கேளாமல் மார்க்கண்டு குதிக்காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். அதையும் வாகீசனே கழுவிவிட்டான். சிரட்டையில் இருந்ததையும் ஜாம் போத்தலில் இருந்ததையும் வழித்து ஒன்றாக்கி எடுத்துக்கொண்டான். ஒரு துளிகூட அங்கே விட்டுவைக்கவில்லை.

புதுப் போத்தலை இரண்டு கையாலும் கொடுத்தான். "இதை நம்பிப் பூசுங்கோ ஐயா. மூண்டு தரம் நிறுத்தனான்."

"குறை நினையாதை தம்பி, நான் வேறை மாதிரி யோசிச்சுப்போட்டன்," என்றாள் பராசக்தி. சேற்றில் புதைந்த செருப்பைத் தோண்டி எடுத்துக் கழுவி வைத்திருந்தாள். சிவசுப்பிரமணியம் ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழத்தை மோட்டச்சைக்கிளில் கொழுவிவிட்டார்.

"பிழை விடாத ஆள் இல்லை," என்றார். "விட்டிட்டு ஓடி வந்தீர் பாரும், அதுதான். கனடாவிலை போய் இறங்கின உடனை உமக்கு ஒரு படம் அனுப்புறன்."

கொக்குவிலுக்குத் திரும்பும்போது வாகீசனுக்கு மனம் பஞ்சாக இருந்தது. எடுத்து வந்த களிம்பைக் கழிவு வாளிக்குள் கடைசி வழிப்புவரை வழித்துப் போட்டு, மேலே சவர்க்காரத் தண்ணீரையும் ஊற்றினான். பதிவுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினான். மூன்று மணிக்குச் சோமசேகரம் வந்தபோது, அவர் கதிரையில் இருக்க முதலே புத்தகத்தை முன்னால் விரித்து வைத்தான்.

"சேர், ஒண்டு சொல்லோணும்."

ஒன்றும் மறைக்காமல் சொன்னான். இன்னும் நல்ல மருந்து, கெட்ட பிளாஸ்டிக், திகதி முடிந்த கதை, பம்படி, பாஸ்போட், எல்லாம். சோமசேகரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சாமியறை வந்த இடத்தில் மட்டும் உதடு கொஞ்சம் துடித்தது. உள்ளறையைத் துடைத்துக்கொண்டிருந்த மகாதேவியும் தும்புக்கட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"பிழை என்ரையும்தான்," என்றார் அவர் கடைசியில். "என்ரை தாளை நான் கழற்றி வைச்சிருக்கோணும். உம்மைத் தனிய விட்டிட்டும் போயிருக்கக் கூடாது. ஆனா தம்பி, மூண்டு பொய் சொன்னீர், மூண்டும் உம்மை இன்னும் ஆழத்திலை தள்ளிச்சு. உண்மையைச் சொன்ன பிறகுதான் ஆக்கள் போத்தலைத் தந்தவை."

"உடனை தரேல்லை சேர். பாஸ்போட்டைச் சொன்ன பிறகுதான்."

"சரி, சரி. நீர் மறைச்சிருந்தால் வேலையை விட்டு நிப்பாட்டியிருப்பன். இண்டைக்கு ஏலாது. நீர் வெய்யிலுக்கை ஓடின ஆள்." புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "எல்லாம் எழுதியிருக்கிறீர். ஒண்டு மட்டும் காணேல்லை. காலமை தராசைச் சோதனைப் படிக்கல் வைச்சுப் பாத்தனீரோ?"

வாகீசன் விழித்தான். "இல்லை சேர். ஐயா அவசரப்பட்டவர்."

"ரெண்டாம் தரம் செய்யேக்கை?"

"அப்ப நான் அவசரப்பட்டனான்."

சோமசேகரம் பெருமூச்சு விட்டார். இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். அவர் மரப்பெட்டியைத் திறந்து, பத்துக் கிராம் படிக்கல்லைக் குறட்டால் எடுத்து, தராசின் நடுவில் ஒரு குழந்தையை இருத்துவதுபோல இருத்தினார்.

தராசு ஐம்பது என்று காட்டியது.

எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். ஐம்பது. இருபது கிராம் படியை வைத்தார். நூறு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாகீசனைப் பார்த்தார். வாகீசன் தராசைப் பார்த்தான்.

"பழுதாப்போச்சோ சேர்?"

மகாதேவி தும்புக்கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கிட்ட வந்தாள்.

"பழுதில்லை சேர், நேற்றுப் பின்னேரம் என்ரை தோட்டுக் கல்லை நிறுத்துப் பாக்கிறதுக்கு நான்தான் தராசைக் கரட் அளவுக்கு மாத்தினனான், திருப்பிக் கிராமுக்கு மாத்த மறந்துபோனன், நகைக்கடைக்காரன் அஞ்சு கரட்தான் ஒரு கிராம் எண்டவன்... அப்ப தம்பி காலமை போட்ட பதினைஞ்சு, சரியா மூண்டுதானே?"